களியக்காவிளையில் என்னென்ன இருக்கிறது? எல்லை ஊரின் பொதுக்கலையைக் கணக்கெடுக்கும் வழி

நவராத்திரிக்கு முன்னால் ஆண்டுதோறும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு பவனி புறப்படுகிறது. தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருமேனிகளும் மன்னரின் உடைவாளும் அதில் போகின்றன. பவனி குழித்துறையில் இரவு தங்கி மறுநாள் களியக்காவிளை வழியாக எல்லையைக் கடக்கும். தமிழ்நாட்டு அதிகாரிகள் வழியனுப்ப, கேரள அதிகாரிகள் எதிர்கொண்டு அழைப்பார்கள். அன்று சாலையின் இருபுறமும் ஆள் நிற்கும். மற்ற நாட்களில் இந்த ஊரில் எதையும் நின்று பார்ப்பவர்கள் குறைவு. பேருந்து மாறுகிறார்கள், சந்தையில் மீனும் காயும் வாங்குகிறார்கள், சோதனைச் சாவடியில் வண்டியின் தாள்களைக் காட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள்.

அப்படிக் கடந்து போகிறவர்களும் இனிக் குறையலாம். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை வந்துவிட்ட நான்குவழிச் சாலை எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரியை நோக்கி நீள்கிறது. அது களியக்காவிளைக் கடைத்தெருவுக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகும் சாலை. நெடுஞ்சாலை விலகிப் போன ஊர்களின் தேநீர்க்கடைக்காரர்களைக் கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சொல்வார்கள். வருகிறவரை ஒரு மணி நேரமாவது நிறுத்தி வைக்க ஊரிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

அது ஏற்கெனவே இருக்கிறது, யாரும் எண்ணாததால் கண்ணில் படாமல் கிடக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. ஊருக்குக் கலையைக் கொண்டுவருகிறோம் என்று கிளம்பும் திட்டங்கள் பெரும்பாலும் பெயிண்ட் டப்பாவோடு வருகின்றன. களியக்காவிளையில் அவை நோட்டும் பேனாவுமாக வர வேண்டும். எண்ணி முடித்த பிறகு எந்தச் சுவருக்கு வண்ணம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானே தெரிந்துவிடும்.

எதை எண்ணுவது

கட்டணமோ அனுமதியோ இல்லாமல் யாரும் பார்க்கக்கூடிய இடத்தில், பார்க்கப்பட வேண்டும் என்றே ஒருவர் கையால் செய்து வைத்த எதுவும் கணக்கில் வரும். இந்த அளவுகோலைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் குழப்பம் குறையும். அழகாக இருக்கிறதா, கலைநயம் உண்டா என்ற கேள்விகளைக் கணக்கெடுப்பின்போது எழுப்பவே கூடாது. அந்தத் தீர்ப்பு முன்கூட்டியே நுழைந்தால் பதிவேட்டில் கோயில் சிற்பமும் தலைவர் சிலையும் மட்டும் மிஞ்சும்.

மேற்குக் குமரியில் முதலில் கண்ணில் படுவது குருசடி. பல முக்குகளில் ஒன்று உண்டு. சில இடங்களில் கல் பீடத்தின் மேல் வெறும் சிலுவை. சில இடங்களில் கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோணியாரோ மாதாவோ செபஸ்தியாரோ. பீடத்தின் அடுக்குகள், வளைவுகள், சுண்ணாம்பிலும் சிமென்டிலும் பிடித்த பூவேலை, வானதூதரின் சிறகு எல்லாம் பெரும்பாலும் உள்ளூர்க் கொத்தனார்களின் கைவேலை. ஒரு கொத்தனாரின் வளைவு பக்கத்து ஊர் வீட்டுத் திண்ணையிலும் தெரியும். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உருவத்தையும் இந்த வரிசையில் தேட வேண்டும். அவர் பிறந்த நட்டாலம் இங்கிருந்து அதிக தூரமில்லை.

அடுத்தது சுமைதாங்கி. இரண்டு நடுகல், அவற்றின் மேல் தலை உயரத்தில் ஒரு குறுக்குக் கல். சந்தைக்குத் தலைச்சுமையாகச் சரக்கு போன காலத்தில், துணைக்கு ஆளில்லாமலே சுமையை இறக்கவும் திரும்ப ஏற்றவும் வழி செய்த அமைப்பு இது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் உண்டு. திருவிதாங்கூர்ப் பாதைகளில் வழியம்பலத்துக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் பொது உபயோகத்துக்காகவும் நட்டிருக்கிறார்கள். ஆகவே சுமைதாங்கியைப் பார்த்தால் யார் நட்டது என்பதோடு யாருக்காக நட்டது என்றும் கேட்க வேண்டும். சாலை அகலமாகும்போது முதலில் போவதும் இதுதான். குறுக்குக் கல் ஓடைக்கு மூடியாகக் கிடந்தாலும் அது கிடக்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வகை இந்த மண்ணுக்கே உரியது. களியக்காவிளை மாநில எல்லையாக ஆனதே ஒரு போராட்டத்தின் விளைவு. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. புதுக்கடையில் தியாகிகள் நினைவு ஸ்தூபி நிற்கிறது. நாகர்கோவிலில் அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணிக்கு மணிமண்டபம் இருக்கிறது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதவை, பெயர் மட்டும் பொறித்த சின்னக் கற்கள், கொடிமரப் பீடங்கள், படிப்பகச் சுவரில் பதித்த பலகைகள். கணக்கெடுப்பு அவற்றுக்காகத்தான்.

கையால் எழுதிய கடைப் பலகைகளைச் சேர்ப்பதா என்று சிலர் தயங்குவார்கள். சேர்க்க வேண்டும், அதுவும் உடனே சேர்க்க வேண்டும். ஒரே பலகையில் தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்த ஓவியர்கள் எல்லை ஊர்களில்தான் இருப்பார்கள். இரண்டு எழுத்துக்கும் வளைவு வேறு, இரண்டையும் ஒரே உயரத்தில் அடக்குவது தனித் திறமை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் சுருங்கிவிட்டது. பழைய பலகையின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் ஒரு பெயர் இருக்கும். அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

சிதறால் மலையின் சமணப் புடைப்புச் சிற்பங்கள், திருநந்திக்கரைக் குடைவரை, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், பத்மநாபபுரம் அரண்மனையின் சுவரோவியங்கள் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே நூல்களும் காவலர்களும் உண்டு. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து மேலே போகலாம்.

எல்லைக் கோட்டோடு நிறுத்த வேண்டாம் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். களியக்காவிளை நடுவாக ஐந்து கிலோமீட்டர் வட்டம் போட்டால் இஞ்சிவிளையும் பாறசாலையும் உள்ளே வந்துவிடும். குருசடிக்கும் சுமைதாங்கிக்கும் மாநிலம் தெரியாது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது, அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இந்தப் பகுதியின் சின்னங்கள் நிர்வாக எல்லைக்குள் அடங்கியதே இல்லை. அந்தப் பக்கம் செங்கல் மகேஸ்வரம் கோயிலில் எழுந்திருக்கும் ஏறத்தாழ 111 அடி சிவலிங்கத்தைப் பார்க்கப் போகிற பேருந்துப் பயணிகள் இந்த வழியாகவே போகிறார்கள். அவர்களையும் மனதில் வைத்தே வரைபடம் தயாராக வேண்டும்.

சீட்டு, கேள்வி, கல்லில் இருக்கும் ஆண்டு

அமெரிக்காவில் 1989இல் தொடங்கி பத்தாண்டுகள் நடந்த ‘சேவ் அவுட்டோர் ஸ்கல்ப்சர்’ இயக்கத்தில் சுமார் 7,000 தன்னார்வலர்கள் 32,000 வெளிப்புறச் சிற்பங்களைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கலை படித்தவர்கள் அல்லர். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி படிவம் இருந்தது, அதை நிரப்ப ஒரு சிறு பயிற்சி கிடைத்தது. களியக்காவிளைக்கும் இது போதும். பள்ளி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஒரு வரலாற்று ஆசிரியர், மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், பழைய ஓவியர் ஒருவர் சேர்ந்தால் குழு தயார். மூன்று பேர் கொண்ட அணிகளாகப் போவது நல்லது. ஒருவர் படம் எடுக்க, ஒருவர் அளக்க, ஒருவர் ஆட்களிடம் பேச வேண்டும். பேசுகிறவர் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பது கட்டாயம்.

ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு. வரிசை எண், ஊர் வழங்கும் பெயர், இடம், பொருள் (கருங்கல், வெட்டுகல், சிமென்ட், மரம், தகரம், சுவர்), உயரம் அகலம், பொறித்த எழுத்து, செய்தவர், செய்வித்தவர், ஆண்டு, இப்போது பார்த்துக்கொள்பவர், நிலைமை. இவற்றில் செய்தவர் என்ற கட்டம்தான் பெரும்பாலும் காலியாக நிற்கும். குழு அதிக நேரம் செலவிட வேண்டியதும் அதற்குத்தான். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையைச் செய்தவர் கணபதி ஸ்தபதி என்பது இந்த மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே மாவட்டத்தில் சாலையோரப் பீடத்தில் சிங்கம் செதுக்கியவர் பெயர் அவர் தெருவைத் தாண்டித் தெரியாது. கல்லுருவம் என்றால் மயிலாடியில் விசாரிக்கலாம். தலைமுறைகளாகக் கல் கொத்தும் ஊர் அது, உளி பிடித்த விதத்தைப் பார்த்தே யார் பட்டறை என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு. சிமென்ட் வேலை என்றால் பழைய கொத்தனார் வீடுகளுக்குப் போக வேண்டும்.

கேள்வியை எப்படிப் போடுகிறோம் என்பதில் பாதிப் பதில் இருக்கிறது. “இந்தப் படைப்பின் வரலாறு என்ன?” என்று கேட்டால் முதியவர் மிரண்டு, சங்கச் செயலாளரைக் காட்டிவிடுவார். “இத வச்சது ஆருண்ணு ஓர்மை உண்டா பாட்டா? அப்பம் நீங்க இங்க உண்டா?” என்று கேட்டால் கதை வரும். எந்தத் திருநாளுக்கு வைத்தார்கள், யார் கல் கொடுத்தது, எத்தனை மாடு இழுத்தது என்பதெல்லாம் அதோடு வரும். அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்துகொள்வது நல்லது. சொன்னவர் விரும்பினால் மட்டும் பெயரைச் சேர்க்க வேண்டும்.

கல்லில் இருக்கும் ஆண்டைப் படிப்பதில் வெளியூர்க்காரர் தவறுவார்கள். திருவிதாங்கூர்க் காலத்துக் கற்களில் பெரும்பாலும் கொல்லம் ஆண்டு இருக்கும். அது சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில் தொடங்குகிறது. ஆவணி தொடங்கி டிசம்பர் முடிவு வரை என்றால் 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிவு வரை என்றால் 825. கேரளத்தில் இன்றும் பேசும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ கொல்லம் 1099 கர்க்கடகத்தில் வந்தது. 825 கூட்டினால் 1924, ஜூலை. கணக்குச் சரிதானா என்று மாணவர்கள் சோதித்துக்கொள்ள இந்த ஓர் உதாரணம் போதும். மாதம் பொறிக்கப்படாத கல்லுக்கு இரண்டு ஆண்டுகளையும் எழுதிவைக்க வேண்டும். எந்த எழுத்தாக இருந்தாலும் பார்த்தபடி வரைந்துகொள்ள வேண்டும். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டி லனாயின் கல்லறையில் இலத்தீனும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விட்டால் பாதிச் செய்தி போய்விடும். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகச் சுண்ணாம்போ எண்ணெயோ தடவக் கூடாது. காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

படம் நான்கு பக்கமும் எடுக்க வேண்டும். பிறகு பத்தடி பின்னால் போய்ச் சுற்றுப்புறத்தோடு ஒன்று. இந்தக் கடைசிப் படம் ஏன் தேவை என்பதற்குத் திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரை சாட்சி. கானாயி குஞ்ஞிராமன் அங்கே செய்த சாகரகன்யகா 87 அடி நீளச் சிற்பம். கடலும் மணலும் சேர்ந்துதான் அது முழுமை பெறுகிறது. 2020இல் அதன் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிற்பம் கெட்டுப்போனதாகச் சிற்பி வெளிப்படையாகவே வருந்தினார். சிற்பத்தில் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி. ஒரு சிலைக்கு முன் மின்மாற்றி வந்தாலும் குருசடிக்கு முன் விளம்பரப் பலகை நட்டாலும் நேரும் சேதம் இதே வகைதான். முன்பு எப்படி இருந்தது என்று காட்டப் படம் இருந்தால்தான் பேச முடியும்.

புள்ளி வைப்பது

சீட்டுகள் சேர்ந்ததும் அவற்றை ஒரு விரிதாளில் ஏற்ற வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை ஐந்து தசம இடம் வரை போதும். அதுவே ஒரு மீட்டர் அளவுக்கு நுட்பம். கைபேசி அவ்வளவு துல்லியமாகக் காட்டாது என்பதால் பக்கத்தில் இருக்கும் கடை, மரம், மின்கம்ப எண் ஆகியவற்றையும் எழுதிவைக்க வேண்டும். வேப்பமூடு, படந்தாலுமூடு என்று மரத்தடியை வைத்தே இடப்பெயர் வழங்கும் பகுதியில் இது யாருக்கும் புதிதல்ல.

வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நல்ல இடம். 2004இல் தொடங்கிய, யாரும் சேர்க்கவும் இலவசமாக எடுக்கவும் கூடிய உலக வரைபடம் அது. கலைப்பொருள், நினைவுச் சின்னம், வழியோரச் சிலுவை, வழியோரக் கோயில் என்று தனித்தனி வகைக் குறிகள் அதில் உண்டு. ஒரே புள்ளிக்குத் தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் வெவ்வேறு கட்டங்களில் எழுதலாம் என்பது எல்லை ஊருக்குப் பெரிய வசதி. கூகுள் வரைபடத்திலிருந்து பார்த்து இதில் நகலெடுக்கக் கூடாது, உரிமை அதற்கு இடம் தராது. நடந்து போய்ப் பார்த்ததை மட்டுமே ஏற்ற வேண்டும். படங்களோடு அழகான பக்கம் வேண்டுமென்றால் இந்த வரைபடத்தின் மேலேயே யூமேப் என்ற கருவியில் தயாரித்துக்கொள்ளலாம். அச்சில் ஒரு பிரதியும் வேண்டும். நூலகத்தில் கட்டி வைத்த ஒரு பதிவேடு சேவையகம் நின்றுபோனாலும் இருக்கும்.

எல்லாவற்றையும் பொதுவில் வைப்பதா என்பது இந்த வேலையிலேயே கடினமான கேள்வி. பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம் ஆகிய இடங்களில் சிலையோ கட்டுமானமோ எழுப்ப மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டது. சாலையோர வழிபாட்டு இடங்கள் பற்றி 2009 முதலே உத்தரவுகள் உண்டு. நல்லெண்ணத்தோடு தயாரித்த பட்டியல் இடிப்புப் பட்டியலாகவும் புகார் மனுவின் இணைப்பாகவும் மாறலாம். மூன்று சமயத்தாரும் நெருங்கி வாழும் ஊரில் ‘அவர்களுடையது எத்தனை, நம்முடையது எத்தனை’ என்று எண்ணுகிறவர்களும் வருவார்கள்.

ஆகவே பதிவேடு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். முழுக் கணக்கு குழுவிடமும் நூலகத்திலும் இருக்கட்டும். பொது வரைபடத்தில், பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு அவர் சம்மதித்தவை மட்டும் வரட்டும். சமயவாரியாகக் கூட்டுத்தொகை எங்கும் போடக் கூடாது. வகை பிரிப்பதாக இருந்தால் கல்வேலை, சுண்ணாம்பு வேலை, எழுத்து வேலை என்று கைவினை வழியாகப் பிரிக்கலாம். அப்போது கோபுரத்துச் சுதை உருவமும் குருசடியின் வானதூதரும் பள்ளிவாசல் முகப்பின் கொடிவேலையும் ஒரே பக்கத்தில் வரும். அவற்றில் ஒரே கொத்தனாரின் கை தெரிந்தால் அந்தப் பக்கம் முழு முயற்சிக்கும் ஈடு. சிறு பழைய கற்சிற்பங்கள் கேட்பாரற்றுக் கிடந்தால் அவற்றின் சரியான இடத்தை வெளியிடவே கூடாது. சிலைத் திருட்டு நடக்கும் நாடு இது. மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

சுவர் ஒருவருடையது, படம் இன்னொருவருடையது

படங்களை வெளியிடும் முன் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தையும் கலைக் கைவினையையும் புகைப்படம் எடுத்து வெளியிட அது இடம் தருகிறது. அந்த வரியில் ஓவியம் இல்லை. சுவரோவியத்தின் படத்தை அட்டையாகவோ விளம்பரமாகவோ போட வரைந்தவரின் அனுமதி வேண்டும். அவர் இறந்து 60 ஆண்டு வரை வாரிசுகளின் அனுமதி வேண்டும். 2023இல் மும்பையின் ஒரு பெரிய சுவரோவியத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று விளம்பரத்தில் பயன்படுத்தியபோது, அதை நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பழைய கோயில் ஓவியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. நேற்றுப் பள்ளிச் சுவரில் வரைந்த இளைஞருக்கு உண்டு. அவர் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார், ஆனாலும் கேட்க வேண்டும்.

சுவர் யாருடையதோ அவர் நினைத்தால் அழித்துவிடலாமா? சிற்பி அமர்நாத் ஷேகலின் வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. டெல்லி விக்யான் பவனுக்காக 1957இல் அவரிடம் கேட்டு, 1962இல் நிறுவிய பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. அவர் நீதிமன்றம் போனார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கியவருக்கும் படைப்பைச் சிதைக்க உரிமையில்லை என்பதை 57ஆம் பிரிவின் வழியாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. களியக்காவிளையில் யாரும் வழக்குக்குப் போக வேண்டியதில்லை. சுவரை இடிக்கும் முன் வரைந்தவருக்குச் சொல்லியனுப்பும் பழக்கம் வந்தால் அதுவே நல்ல தொடக்கம்.

புதிதாக வரைய வேண்டுமென்றால் யாரிடம் எழுத்தில் கேட்பது என்பது சுவருக்குச் சுவர் மாறும். பேருந்து நிலையமும் சந்தையும் என்றால் பேரூராட்சிச் செயல் அலுவலர். சாலையோரச் சுவர், பாலம் என்றால் நெடுஞ்சாலைத் துறை அல்லது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். கோயில் மதில் என்றால் அறநிலையத் துறை. குருசடி என்றால் பங்குத்தந்தை. களியக்காவிளைப் பகுதியின் இலத்தீன் கத்தோலிக்கப் பங்குகள் 2014இல் உருவான குழித்துறை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தனியார் சுவருக்கும் வாய்ச்சொல் போதாது. பொது இடங்களின் அழகைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் நல்ல ஓவியம், கெட்ட சுவரொட்டி என்று கண்ணால் பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்காது. கையில் தாள் இருப்பது நல்லது.

ஆட்களை வரவழைப்பது

விளவங்கோடு, கல்குளம் மக்களுக்கு வழித்தடம் என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சிவராத்திரிக்கு அவர்கள் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களை வரிசையாகக் கால்நடையாகவே தரிசிக்கிறார்கள். சிவாலய ஓட்டம் என்ற அந்த மரபில் தொடக்கம், முடிவு, வரிசை, இடையில் மோரும் பானகமும் தரும் வீடுகள் எல்லாம் இருக்கின்றன. கலைநடைக்கும் இதே அமைப்பு வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிறுத்தம், இரண்டு மணி நேரத்தில் முடியும் தூரம், நடுவில் தண்ணீரும் நிழலும் தர ஒரு கடை. பேருந்து நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தால் பேருந்து மாறுகிறவர்களும் பாதி தூரமாவது வருவார்கள்.

மலேசியாவின் ஜார்ஜ் டவுன் நகரில் 2012இல் எர்னஸ்ட் சகரேவிச் என்ற லிதுவேனிய ஓவியர் பழைய சுவர்களில் வரைந்தார். ஆர்மீனியன் தெருவில் நிஜ மிதிவண்டி ஒன்றைச் சுவரில் பொருத்தி அதன் மேல் இரண்டு குழந்தைகளை வரைந்த படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஓவியங்களோடு கூடவே, அந்தந்தத் தெருவின் கதையை இரும்புக் கம்பி வளைத்துச் சொல்லும் கேலிச் சித்திரங்களும் வைக்கப்பட்டன; எல்லாவற்றையும் காட்டும் தெருக்கலை வரைபடம் பயணிகள் கைக்குக் கிடைத்தது. தமிழர் கடைவீதியும் அருகிலேயே இருக்கிறது. களியக்காவிளை எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கம்பிச் சித்திரங்களின் யோசனையைத்தான். எல்லை பிரிந்த கதை, சந்தையின் கதை, வண்டி மாறிய கதை ஆகியவை அவை நடந்த இடத்திலேயே சிறியதாக, கையெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

துண்டறிக்கை இரு மொழியிலும் ஒரே தாளில் வரட்டும். எழுத்தை உள்ளூர்ப் பலகை ஓவியரே எழுதித் தந்தால் தாளே ஒரு கலைப்பொருளாகும். நவராத்திரிப் பவனி நாளில் சாலையோரம் காத்திருக்கும் கூட்டத்துக்கு அதைக் கொடுக்கலாம். நவம்பர் 1, ஆகஸ்ட் 11 ஆகிய தேதிகளில் பள்ளி மாணவர்களை நினைவுச் சின்னங்களுக்கு அழைத்துப் போகலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்தவர் பெயரோடு சிறிய பலகை வைப்பது இந்த முயற்சியின் பெரிய செலவாக இருக்கலாம். மற்ற எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்கக் கூடாது. செய்தவர் உயிரோடு இருந்தால் முதல் நடையை அவர்தான் நடத்த வேண்டும், அதற்கு அவருக்குச் சம்பளமும் தர வேண்டும்.

புதிய சுவர், மழை, பராமரிப்பு

எண்ணி முடித்த பிறகும் சில சுவர்கள் வண்ணம் கேட்கும். 2018இல் திறக்கப்பட்ட மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தூண்களைப் பார்க்கும் யாருக்கும் அது தோன்றும். சென்னை மாநகராட்சி 2009, 2010 வாக்கில் சுவரொட்டிகளை ஒழிக்கவே சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் சொன்னது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, இடம்பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகரின் அடுக்ககச் சுவர்களைப் பெரிய ஓவியங்களாக்கியது. அங்கே பலிக்க முக்கியக் காரணம், வரைந்த முகங்களில் அங்கேயே வாழ்கிறவர்களும் இருந்தார்கள் என்பது. தண்ணீரும் பேருந்தும் கேட்கும் குடியிருப்புக்கு ஓவியம் மட்டும் கொடுத்தால் போதாது என்ற விமர்சனமும் நியாயமானதே. களியக்காவிளையில் சந்தைச் சுவருக்கு வண்ணம் பூசும் குழு, அதே மனுவில் சந்தையின் கழிவுநீர் ஓடையையும் எழுத வேண்டும்.

திருவனந்தபுரத்தில் 2015இல் தொடங்கிய ஆர்டீரியா திட்டம் நகரின் முக்கியச் சாலை மதில்களைக் கேரளத்தின் மூத்த ஓவியர்களிடம் ஒப்படைத்தது. வேலை அருமையாக இருந்தது. பிறகு மழை, பாசி, சுவரொட்டி எல்லாம் வந்தன. குமரியின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே இங்கே சுவர் காய நேரமே குறைவு. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வரையும் காலம். புதுப் பூச்சுச் சுவர் நன்றாகக் காய்ந்து முற்ற ஒரு மாதமாவது விட வேண்டும். பழைய சுவரில் பாசியைச் சுரண்டிப் பூஞ்சைக்கொல்லி தடவி, பிரைமர் அடித்து, வெளிப்புற எமல்ஷனில் வரைய வேண்டும். டிஸ்டெம்பர் ஒரு மழைக்குத் தாங்காது. மதிலின் தலைப்பில் நீர் இறங்காதபடி சரிவான மூடி இல்லையென்றால் என்ன வண்ணம் அடித்தாலும் உள்ளிருந்து பெயர்ந்து வரும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சேறு தெறிக்கும், அந்தப் பட்டையில் முகமோ எழுத்தோ வரைய வேண்டாம்; அடர்ந்த ஒரே நிறம் போதும். மொத்தப் பணத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே திருத்த வேலைக்கு என்று தனியாகப் போட்டுவிட்டு மிச்சத்தில் எத்தனை சதுர அடி வரும் என்று பார்க்க வேண்டும். பணம் குறைந்தால் சுவர் குறையட்டும்.

வடகிழக்குப் பருவம் முடிந்த ஜனவரியில் குழு அதே சீட்டுகளோடு மறுபடி கிளம்ப வேண்டும். இரண்டாம் சுற்றில் புதிதாக எழுத வேண்டியது நிலைமை, சுற்றுப்புறம், தேதி என்ற மூன்று கட்டங்கள் மட்டுமே. காணாமல் போனவற்றின் சீட்டைக் கிழிக்காமல் கடைசியாகப் பார்த்த நாளைக் குறித்து அதே வரிசை எண்ணில் வைத்திருக்க வேண்டும். சாலை விரிவாக்கத்துக்கு அளவுக் கல் நட்ட இடங்களில் உள்ளவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, படத்தோடும் அளவோடும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் நெடுஞ்சாலைப் பொறியாளருக்கும் அந்த மாதத்திலேயே அனுப்பிவிட வேண்டும். சுமைதாங்கிக் கல்லைப் பெயர்த்து இருபதடி தள்ளி நடுவது ஒரு நாள் வேலை. அதைச் செய்யச் சொல்ல, மண்வாரி வருவதற்கு முன்னால் யாராவது ஒருவரிடம் அதன் எண் இருக்க வேண்டும்.